மாட்டுக்கும் செருப்பு!
நொண்டும் பசுவுக்கு மரக்கட்டை வைத்தியம்

பசுவின் பின்னங்காலில் புண். காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. நொண்டுகிறது.

டாக்டர் வருகிறார். காலைத் தூக்கிக் கட்டுகிறார். குளம்பைச் சீவுகிறார். ஒரு சிறிய மரக்கட்டையை எடுத்துப் பசை தடவி ஒட்டுகிறார்.

எந்தக் குளம்பில் ஒட்டுகிறார்? புண் உள்ள குளம்பில் அல்ல. புண் இல்லாத குளம்பில்!

"இது என்ன வைத்தியம்? நோய் ஓரிடம், மருந்து வேறிடமா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் இந்த வைத்தியத்தின் ரகசியமே அதில்தான் இருக்கிறது. மேல்நாட்டுப் பால் பண்ணைகளில் பல ஆண்டுகளாக இந்தச் செருப்பு வழக்கத்தில் இருக்கிறது. இந்தியாவிலும் கலப்பினக் கறவை மாடுகள் பெருகிவிட்டன. ஆகவே இந்தச் செருப்பைப் பற்றி மாடு வளர்க்கும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு காலுக்கு இரண்டு குளம்பு

குதிரைக்கு ஒரு காலில் ஒரே குளம்பு. மாட்டுக்கு அப்படி இல்லை. குளம்பு நடுவில் பிளந்திருக்கும். வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று. மனிதனுக்கு இரண்டு விரல்கள் எப்படியோ, மாட்டுக்கு இந்த இரண்டு குளம்புகளும் அப்படி.

மாட்டின் எடை பல நூறு கிலோ. அந்தப் பாரம் முழுவதையும் நான்கு காலிலும் உள்ள எட்டுக் குளம்புகள்தான் தாங்குகின்றன.

ஒவ்வொரு குளம்புக்குள்ளும் ஓர் எலும்பு இருக்கிறது. எலும்புக்கு அடியில் கொழுப்பால் ஆன மெத்தை இருக்கிறது. அதற்குக் கீழே உயிருள்ள தசை. அதற்கும் கீழே நகம் போன்ற கெட்டியான அடிப்பாகம். இந்த அடிப்பாகத்தின் கனம் அரை சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டினால் அதிகம். அந்த மெல்லிய கவசத்தை நம்பித்தான் மாடு நடக்கிறது.

பின்னங்கால்களில் வெளிக் குளம்பின் மேல்தான் பாரம் அதிகமாக விழுகிறது. ஆகவே பெரும்பாலான புண்கள் பின்னங்காலின் வெளிக் குளம்பில்தான் வருகின்றன.

லாடம் வேறு, செருப்பு வேறு

"மாட்டுக்கு லாடம் அடிப்பது பழைய வழக்கம்தானே?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். உண்மைதான். வண்டி மாடுகளுக்கும் உழவு மாடுகளுக்கும் இரும்பு லாடம் அடிப்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த தொழில். மாட்டைக் கயிறு போட்டுக் கீழே சாய்த்து, கால்களைக் கட்டி, ஆணி வைத்து அடிப்பார்கள். குளம்பு பிளந்திருப்பதால் ஒரு காலுக்கு இரண்டு தகடுகள். நான்கு காலுக்கும் சேர்த்து எட்டு!

ஆனால் லாடம் எதற்கு? நல்ல குளம்பு கல்லிலும் தார் ரோட்டிலும் தேயாமல் இருப்பதற்கு. அது உழைக்கும் மாட்டுக்கான காவல்.

இந்தப் புதிய செருப்பு எதற்கு? நோயுற்ற குளம்புக்கு ஓய்வு கொடுப்பதற்கு. அது நோய்ப்பட்ட மாட்டுக்கான வைத்தியம். ஆணி கிடையாது. பசையால் ஒட்டுகிறார்கள்.

எப்படி ஓய்வு கிடைக்கிறது?

மனிதனுக்குக் காலில் அடிபட்டால் கட்டிலில் படுத்துவிடலாம். ஊன்றுகோல் பிடித்து நடக்கலாம். மாடு என்ன செய்யும்? தண்ணீருக்கு நடக்க வேண்டும், தீவனத்துக்கு நடக்க வேண்டும், பால் கறக்கும் இடத்துக்கும் நடந்தே ஆக வேண்டும். ஒவ்வோர் அடியிலும் அதே புண் நசுங்கும். பிறகு எப்படி ஆறும்?

இங்கேதான் பிளந்த குளம்பு கைகொடுக்கிறது. ஒரே காலில் நோயில்லாத குளம்பு ஒன்றும் இருக்கிறதல்லவா? அதன் அடியில் கட்டையை ஒட்டினால் அது உயர்ந்துவிடும். மாடு காலை ஊன்றும்போது கட்டை மட்டும் தரையில் படும். புண் உள்ள குளம்பு தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். பாரம் இல்லை. வலி குறையும். புண் ஆறும்.

மாட்டுக்கு இந்தக் கட்டைதான் ஊன்றுகோல்!

இந்த வைத்தியத்துக்கு அடிப்படையான முறை ஒன்றை நெதர்லாந்து நாட்டில் உட்ரெக்ட் நகரைச் சேர்ந்த மாட்டு டாக்டர் டூசான் ராவன் வகுத்துக் கொடுத்தார். குளம்பைச் சீவுவதை அவர் ஐந்து படிகளாகப் பிரித்தார். புண்பட்ட குளம்பைச் சற்றுத் தாழ்த்திச் சீவி, பாரத்தை நல்ல குளம்பின் மேல் திருப்ப வேண்டும் என்பது அதில் ஒரு படி. சீவித் தாழ்த்த இடமில்லாதபோது, நல்ல குளம்பைக் கட்டை வைத்து உயர்த்துகிறார்கள். இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே.

இந்தச் செருப்புகளில் பல வகை உண்டு. மரக்கட்டை உண்டு. ரப்பர் கட்டை உண்டு. குளம்பு நுழையும்படி பாதரட்சை போலவே செய்த பிளாஸ்டிக் செருப்பும் உண்டு. காலையே மூடும் பூட்சும் இருக்கிறது. ஆனால் பூட்ஸ் கட்டுத்துணியையும் மருந்தையும் காக்குமே தவிர, இரண்டு குளம்புகளையும் சேர்த்து மூடுவதால் பாரத்தை மாற்றாது. உள்ளே ஈரமும் தங்கும். ஆகவே அதை நீண்ட நாள் விட்டுவைக்கக் கூடாது.

ஏன் நொண்டுகிறது?

மாடு காட்டிலும் புல்வெளியிலும் நடக்கப் பிறந்த பிராணி. மண் தரை காலுக்கு இதமானது. இன்று பல கறவை மாடுகள் சிமெண்டுத் தரையில் நிற்கின்றன. அந்தத் தரை கடினமானது. பல இடங்களில் ஈரமும் சாணமும் சேர்ந்து கிடக்கிறது. ஈரத்தில் ஊறிய குளம்பு மெதுவாகும், எளிதில் தேயும்.

நிற்கும் நேரமும் ஒரு காரணம். கறவை மாடு ஒரு நாளில் சுமார் 12 மணி நேரம் படுத்து ஓய்வெடுக்க வேண்டும். படுத்து அசை போடும்போதுதான் கால்களுக்கு விடுதலை. படுக்க இடம் வசதியாக இல்லாவிட்டால் மாடு நின்றுகொண்டே இருக்கும். குளம்பு நசுங்கிக்கொண்டே இருக்கும்.

கன்று ஈனும் சமயம் மிக ஆபத்தானது. அப்போது மாட்டின் உடலில் பல மாறுதல்கள் நடக்கின்றன. குளம்புக்குள் எலும்பைத் தாங்கிப் பிடிக்கும் நார்களும் தளர்கின்றன. எலும்பு சற்றே கீழே இறங்கி, அடியில் உள்ள உயிர்த்தசையை நசுக்குகிறது.

மாடு மெலிந்தால் குளம்புக்குள் இருக்கும் கொழுப்பு மெத்தையும் மெலிகிறது. பால் அதிகம் கறக்கும் மாடு, தீவனம் போதாமல் இளைத்தால், காலும் கெடுகிறது. "வயிற்றுக்குக் குறைத்தால் காலில் தெரியும்" என்று சொல்லலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளம்பின் நகம் மாதத்துக்குச் சுமார் அரை சென்டிமீட்டர்தான் வளர்கிறது. இன்று உள்ளே ஏற்பட்ட காயம் வெளியே தெரிய வாரக்கணக்கில் ஆகும். ஆகவே மாடு நொண்டும்போது, "நேற்று என்ன மிதித்தது?" என்று தேடினால் போதாது. இரண்டு மாதத்துக்கு முன் கன்று ஈன்றதா, எங்கே நின்றது, என்ன தின்றது என்றும் பார்க்க வேண்டும்.

பிரிட்டன் சொல்லும் பாடம்

இது சின்ன விஷயம் என்று யாராவது நினைத்தால் பிரிட்டன் நாட்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

2006, 2007-ம் ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்சிலும் 205 பால் பண்ணைகளுக்கு நேரில் சென்று மாடுகளின் நடையைப் பார்த்தார்கள். சராசரியாக 100 மாடுகளில் சுமார் 37 மாடுகள் நொண்டின! மூன்றில் ஒன்றுக்கும் மேல்!

அதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. 2003-ல் வெளியான இன்னோர் ஆய்வில், அந்நாட்டின் 53 பண்ணைகளில் 100-க்கு 22 மாடுகள் நொண்டுவது தெரிந்தது. "உங்கள் பண்ணையில் எத்தனை நொண்டுகின்றன?" என்று பண்ணைக்காரர்களையே கேட்டார்கள். அவர்கள் சொன்ன சராசரி 100-க்கு 6 கூட இல்லை!

அவர்கள் பொய் சொல்லவில்லை. தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெல்லிய நொண்டல் தெரிவதில்லை. மாடு நன்றாக நொண்டிய பிறகுதான் தெரிகிறது. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

நஷ்டம் எவ்வளவு? ஒரு மாடு நொண்டினால், 305 நாள் கொண்ட ஒரு கறவைக் காலத்தில் சுமார் 360 கிலோ பால் குறைகிறது என்று பிரிட்டனில் 2002-ல் கணக்கிட்டார்கள். நொண்டல் கண்ணுக்குத் தெரிவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே பால் குறையத் தொடங்கிவிடுகிறது என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. அங்குள்ள மாடுகள் நிறையப் பால் கறப்பவை. அந்த எண்ணிக்கையை அப்படியே தமிழ்நாட்டு மாட்டுக்குப் பொருத்த முடியாது. ஆனால் வலியால் தவிக்கும் மாடு சரியாகத் தின்னாது, பாலும் குறையும் என்பது எந்த ஊருக்கும் பொது.

கட்டை மட்டும் போதுமா?

இங்கிலாந்தில் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2015-ல் வெளியாயிற்று.

புதிதாக நொண்டத் தொடங்கிய மாடுகளை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்குக் குளம்பு சீவினார்கள், அவ்வளவுதான். இரண்டாம் பிரிவுக்குச் சீவிக் கட்டையும் ஒட்டினார்கள். மூன்றாம் பிரிவுக்குச் சீவி வலி மருந்து கொடுத்தார்கள். நான்காம் பிரிவுக்கு மூன்றும்: சீவல், கட்டை, வலி மருந்து.

35 நாள் கழித்துப் பார்த்தார்கள். 100-க்கு எத்தனை மாடுகள் நன்றாக நடந்தன?

சீவல் மட்டும்: சுமார் 24.

சீவலும் வலி மருந்தும்: சுமார் 29.

சீவலும் கட்டையும்: சுமார் 36.

மூன்றும் சேர்ந்து: சுமார் 56!

கட்டை உதவுகிறது. ஆனால் கட்டை தனியாக அற்புதம் செய்வதில்லை. வலி மருந்தும் சேர்ந்தால்தான் பாதிக்கு மேற்பட்ட மாடுகள் தேறுகின்றன.

ஏன்? வலி மருந்து வலியை மட்டும் குறைப்பதில்லை; உள்ளே இருக்கும் வீக்கத்தையும் தணிக்கிறது. வீக்கம் நீடித்தால் குளம்புக்குள் இருக்கும் எலும்பில் முள் போலப் புதிய எலும்பு வளர்கிறது. அது வளர்ந்துவிட்டால் மாடு நடக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து குத்தும். பிறகு அந்த மாட்டுக்குப் பூரண குணம் கிடைப்பது அரிது.

நாள்பட்ட நொண்டல் உள்ள மாடுகளிலும் இதே சோதனையைச் செய்தார்கள். எந்த முறையும் பெரிய பலன் தரவில்லை. இதிலிருந்து தெரிவது என்ன? எந்தச் செருப்பு என்பதைவிட, எப்போது செருப்பு என்பதுதான் முக்கியம்.

கழுகுக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தியாவில் இந்த வைத்தியத்தைச் செய்யும்போது இன்னொரு விஷயத்தையும் நினைக்க வேண்டும்.

நாட்டிங்காம் சோதனையில் கொடுத்த வலி மருந்தின் பெயர் கீட்டோபுரோபன். அந்த மருந்தை மாட்டுக்குக் கொடுக்க இந்தியாவில் 2023-ல் தடை வந்துவிட்டது. அசிகுளோபினாக் என்ற மருந்துக்கும் அதே ஆண்டில் தடை. அதற்கு முன்பே, 2006-ல், டைக்ளோபினாக் என்ற மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுப்பது தடை செய்யப்பட்டது.

காரணம் கழுகுகள்! செத்த மாட்டைத் தின்று ஊரைச் சுத்தம் செய்யும் பாறுக் கழுகுகள். இந்த மருந்து போட்ட மாடு இறந்து, அதன் இறைச்சியைத் தின்றால் கழுகின் சிறுநீரகம் கெட்டுச் சாகிறது. இந்தியாவில் வெண்முதுகுப் பாறு என்ற இனம் 1992-க்கும் 2007-க்கும் இடையில் 100-க்கு 99-க்கு மேல் அழிந்துவிட்டது. தமிழ்நாட்டில் நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சிய பாறுகள் வாழ்கின்றன.

அப்படியானால் மாட்டின் வலிக்கு மருந்தே இல்லையா? இருக்கிறது. மெலாக்சிகம் என்ற மருந்து கழுகுகளுக்குக் கெடுதல் செய்வதில்லை என்று சோதித்து அறிந்திருக்கிறார்கள். மாட்டின் வலியும் தீரும், கழுகும் பிழைக்கும். எதை, எவ்வளவு கொடுப்பது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மனிதருக்கு வைத்திருக்கும் வலி மருந்தை மாட்டுக்குப் போடவே கூடாது. மருந்து கொடுத்த பிறகு எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பதையும் டாக்டரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

செருப்பு உதவாத நோய்கள்

நொண்டும் மாடெல்லாம் செருப்புப் போடத் தக்கவை அல்ல.

கோமாரி வந்த மாடும் நொண்டும். ஆனால் அதற்கு வாயிலும் புண் இருக்கும், எச்சில் வடியும், காய்ச்சல் அடிக்கும். அது தொற்று நோய். அதற்குச் செருப்பு உதவாது. மாட்டைத் தனியே கட்டி உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். கோமாரிக்குத் தடுப்பூசிதான் காவல். அதற்காகவே 2019-ல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் தொடங்கியது.

குளம்பின் பிளவில் சீழ் பிடித்து நாற்றம் அடித்தால் அதற்கு வேறு மருந்து. குதிகாலின் தோலில் வரும் ஒரு தொற்றுப் புண்ணும் உண்டு. இத்தாலியில் 1974-ல் முதன்முதலாக அதை விவரித்தார்கள். அதற்கும் மருந்துதான், கட்டை அல்ல. தொடை எலும்போ மூட்டோ கெட்டிருந்தாலும் செருப்பால் பயன் இல்லை.

ஒரே காலில் இரண்டு குளம்புகளும் புண்பட்டிருந்தால்? கட்டை ஒட்டவே கூடாது. தாங்குவதற்கு நல்ல குளம்பு இல்லையே!

தவறாக ஒட்டினால் ஆபத்து

கட்டை ஒட்டுவது சுலபமாகத் தோன்றும். ஆனால் கவனம் தேவை.

குளம்பு சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். ஈரத்தில் பசை பிடிக்காது. கட்டை குதிகால் வரை சரியாகத் தாங்க வேண்டும். முன்னே தள்ளி ஒட்டினால் குதிகால் தொங்கி, நல்ல குளம்பும் கெட்டுவிடும். வழிந்த பசை இரண்டு குளம்புகளுக்கும் நடுவில் கெட்டியானால் அதுவே தோலை அறுக்கும்.

ஒட்டியதை மறந்துவிடவும் கூடாது. சில வாரங்களில், சாதாரணமாக நான்கு முதல் ஆறு வாரத்துக்குள், டாக்டர் சொன்னபடி கழற்ற வேண்டும். மரக்கட்டை தானாகத் தேய்ந்துவிடும். ரப்பர் அவ்வளவு சீக்கிரம் தேயாது. அதிக நாள் இருந்தால் நல்ல குளம்பு நோய்க் குளம்பாகிவிடும்.

கட்டை போட்ட மாட்டை வெகுதூரம் நடத்தக் கூடாது. பக்கத்தில் தீவனம், தண்ணீர், படுக்க மெத்தென்ற இடம் வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு என்ன?

2019-ம் ஆண்டுக் கால்நடைக் கணக்கின்படி இந்தியாவில் 19 கோடிக்கு மேல் மாடுகள் உண்டு. தமிழ்நாட்டில் சுமார் 95 லட்சம். அதற்கு முந்தைய கணக்கைவிட நாட்டில் கலப்பின மாடுகள் கால் பங்குக்கு மேல் பெருகின. நாட்டு மாடுகள் குறைந்தன. பால் அதிகம் வேண்டும் என்று வளர்க்கிறார்கள். அது தவறல்ல. ஆனால் பால் பெருகினால் காலின் பாடும் பெருகும் என்பதை மறக்கலாகாது.

மேல்நாட்டுப் பண்ணையில் நூற்றுக்கணக்கான மாடுகள். ஒன்று நொண்டினால் மற்றவை கறக்கும். இங்கே எத்தனையோ குடும்பங்களுக்கு ஒன்றோ இரண்டோதான் மாடு. அந்த ஒன்று படுத்துவிட்டால் பால் பணம் நின்றுவிடும். பிள்ளைகளின் பள்ளிச் செலவும் கடைக் கடனும் அந்தப் பணத்தை நம்பி இருக்கின்றன. நொண்டும் மாட்டைச் சந்தையில் நல்ல விலைக்கு யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் சிறு குடும்பத்துக்கு ஒரு பெரிய வசதியும் உண்டு. மாட்டைத் தினமும் கையால் தொட்டுப் பழகுகிறார்கள். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் கறக்கிறார்கள், கழுவுகிறார்கள், தீவனம் வைக்கிறார்கள். நூறு மாட்டில் ஒன்றைக் கவனிப்பது கஷ்டம். ஒரு மாட்டைக் கவனிப்பது சுலபம். பிரிட்டன் பண்ணைக்காரர்களின் கண்ணுக்குத் தப்பியது, இங்கே அம்மாவின் கண்ணுக்குத் தப்ப வேண்டியதில்லை.

என்ன பார்க்க வேண்டும்?

மாடு நடக்கும்போது முதுகு வில் போல வளைகிறதா? ஓர் அடிக்கு ஒரு முறை தலை மேலும் கீழும் ஆடுகிறதா? அடியை எட்டி வைக்காமல் குறுக்கி வைக்கிறதா? நிற்கும்போது ஒரு காலை மட்டும் தளர்த்தி நிற்கிறதா? இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை உதவிக்குப் பணம் இல்லாமலே அழைக்கலாம்.

வராமல் தடுக்கும் வழிகளும் உண்டு. படுக்கும் இடத்தில் மண்ணோ வைக்கோலோ பரப்புவது. சாணத்தையும் மூத்திரத்தையும் தேங்க விடாமல் வாருவது. சினை மாட்டுக்கும் ஈன்ற மாட்டுக்கும் தீவனம் குறைக்காமல் இருப்பது. நீண்டு வளர்ந்த குளம்பைத் தெரிந்தவரைக் கொண்டு சீவுவது. இவை எதற்கும் வெளிநாட்டுச் சாமான் தேவையில்லை.

சர்க்காரும் கூட்டுறவுச் சங்கங்களும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பால் சேகரிக்கும் ஊர்களில் குளம்பு சீவவும் கட்டை ஒட்டவும் பழகிய ஆட்கள் இருந்தால், டாக்டரின் மேற்பார்வையில் பல மாடுகளைக் காக்கலாம். லாடம் அடிக்கும் தொழிலில் கைதேர்ந்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் உண்டு. வண்டி மாடு குறைந்ததால் அவர்களுக்கு வேலையும் குறைந்துவிட்டது. மாட்டின் குளம்பை அவர்களைப் போல் அறிந்தவர் யார்? அவர்களுக்கு இந்தப் புது வித்தையைக் கற்றுக் கொடுத்தால் மாட்டுக்கும் சுகம், மனிதனுக்கும் பிழைப்பு.

மாட்டுக்கு வாய் இல்லை. "கால் வலிக்கிறது" என்று அதனால் சொல்ல முடியாது. ஆனால் அதன் நடை சொல்லும். அதைப் பார்த்த அன்றே வைத்தியம் தொடங்கினால், சின்ன மரக்கட்டை ஒன்று ஒரு பசுவை மட்டுமல்ல, ஒரு குடும்பத்தையே தாங்கி நிற்கும்.